குறட்டு அண்ணையும் கறிவேப்பிலைக் கூடாரமும்

ரொறன்ரோ மாநகரில் குறட்டு அண்ணையின் கை படாமல் தப்பிய இயந்திரம் ஏதாவது இருந்தால், அது இன்னும் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பழுதான பொருளைக் கண்டால் அவர் முகத்தில் வரும் சந்தோஷம், சொந்தபந்தங்களைக் கண்டால்கூட வராது. நன்றாக ஓடும் பொருட்கள்மீது அவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. நாங்கள் புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உது ஏன் தம்பி இவ்வளவு அமைதியா நிக்குது?" என்று கவலைப்பட்ட மனிதர் அவர்.

மல்வேர்ன் பகுதியில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர வேறு எவருக்கும் அது தேவைப்படவில்லை. காற்சட்டை போட்டால் பின் பையில் குறடு இருக்கும். சாரம் கட்டினால் இடுப்பு மடிப்பில் இருக்கும். கோட்டும் சூட்டும் போட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும், கோட்டின் உட்பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் இவர் குறட்டை வைத்திருப்பார்.

அப்படிப் போன ஒரு கல்யாணத்தில் தாலிக்கொடியின் பூட்டு பூட்டுப்படவில்லை. கெட்டிமேளம் முழங்குகிறது, மாப்பிள்ளைக்கு வியர்க்கிறது, ஐயர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். குறட்டு அண்ணை மணவறையில் ஏறினார். "தம்பி, கொஞ்சம் தள்ளும்" என்றார். ஒரு நெரி நெரித்தார். பூட்டுப்பட்டது. அந்தக் கல்யாண ஆல்பத்தில் தாலி ஏறும் படத்தில் மாப்பிள்ளையின் முகம் இல்லை. குறடு மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது. அந்தக் குடும்பம் இன்றுவரை ஒற்றுமையாக இருப்பதற்குத் தன்னுடைய நெரிதான் காரணம் என்று அண்ணை உறுதியாக நம்பினார்.

அவருடைய தொழில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கினால், பின்னேரம் திருப்பி ஏற்றும்வரை ஓய்வுதான். அந்த ஓய்வில்தான் தெரு நடுங்கியது. எங்கள் வாசல் மணியை அவர் திருத்திய பிறகு, அதை யாராவது அழுத்தினால் அவர் வீட்டு கராஜ் கதவு திறந்தது. அதைப் பழுது என்று அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "உங்களுக்கு ஆக்கள் வந்தா எங்களுக்கும் தெரியவேணும்தானே" என்றார். நான் முகம் சுளித்தேன். ஆனால் என் மனைவிக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கை குறையவில்லை. வீட்டில் ஏதாவது ஒழுகினாலும் கத்தினாலும் அவள் என்னைக் கூப்பிடமாட்டாள். அகப்பைக் காம்பால் சுவரில் தட்டுவாள். அடுத்த நிமிடம் குறடும் ஏணியுமாக அண்ணை வாசலில் நிற்பார். பக்கத்தில் கணவன் ஒருவன் சும்மா உட்கார்ந்திருப்பதை இரண்டு பேருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு பொருளில் மட்டும் கை வைக்கமாட்டார். அது பொயிலர்.

இந்த நாட்டில் பெரும்பாலான வீடுகளில் சூடான காற்றை ஊதும் இயந்திரம்தான் இருக்கும். எங்கள் வரிசையைக் கட்டியவருக்கு என்ன தோன்றியதோ, வீட்டுக்கு வீடு பொயிலர் வைத்துவிட்டார். கேஸில் எரிந்து தண்ணீரைச் சுடவைத்து, குழாய் குழாயாக அனுப்பி வீட்டைச் சூடாக்கும். ஒரு பனிக்காலத்தில் எங்கள் பொயிலர் யாரோ உள்ளே இருந்து கதவைத் தட்டுவதுபோல் சத்தம் போட்டது. நான் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "மூடியைக் கழட்டித் துடைச்சா சரியாம் அண்ணை. ரெண்டு பேரும் சேர்ந்து பாப்பமே" என்றேன். குறட்டு அண்ணை என்னைப் பார்த்த பார்வையில், பஸ்ஸில் எழுந்து நின்ற பிள்ளையாக நான் மாறிப்போனேன்.

"தண்ணி பிழைச்சா நனைக்கும். கரண்டு பிழைச்சா அடிக்கும். கேஸ் பிழைச்சா ஒண்டும் சொல்லாது தம்பி. உந்த மூடியில கை வச்சீரெண்டா இந்தக் குறட்டால உம்மட விரலைப் பிடிப்பன். லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடும்."

அவர் வீட்டு பேஸ்மென்டில் பொயிலரைச் சுற்றி நிலத்தில் மஞ்சள் ஒட்டு ரேப்பால் கோடு போட்டிருந்தார். மலரக்காவால், அதாவது அவர் மனைவியால், அரிசி மூட்டையைக்கூட அந்தக் கோட்டுக்கு அங்கால் வைக்கமுடியாது. ஆயுத பூசை அன்று மட்டும் அண்ணை கோட்டைத் தாண்டிப் போய், வால்வுகளில் விரல் படாமல், பொயிலரின் நெற்றிக்குச் சந்தனப் பொட்டு வைப்பார். வருடம் தவறாமல் ஆள் கூப்பிட்டுப் பரிசோதிப்பார். வந்தவர் வேலை முடிக்கும்வரை கோட்டுக்கு வெளியே கைகட்டி நிற்பார். குறடு இடுப்பில் துடித்துக்கொண்டிருக்கும். இருந்தாலும் அதை எடுக்கமாட்டார்.

சோதனை கறிவேப்பிலை வடிவத்தில் வந்தது.

மலரக்காவிடம் ஒரு கறிவேப்பிலைக் கன்று இருந்தது. கோடையில் கொல்லைப்புறத்தில் தளதளவென்று நிற்கும். பனிக்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்தால் உலர்ந்த சூட்டில் இலையெல்லாம் கொட்டி, வெறும் தடியாக நிற்கும். அந்தத் தடியைப் பார்த்து மலரக்கா பெருமூச்சு விடுவா. கறிவேப்பிலை கடைகளில் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் கடையில் வாங்கியதைப் போட்டுத் தாளித்தால் குறட்டு அண்ணைக்கு அது கறியே இல்லை.

ஜனவரியில் ஒருநாள் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்குப் பக்கத்தில், அவருடைய பின்சுவரில், பொயிலரின் இரண்டு வெள்ளைக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை உள்ளே இழுப்பது, மற்றது புகையை வெளியே விடுவது. விடும் குழாயிலிருந்து வெதுவெதுப்பான ஆவி வந்துகொண்டிருந்தது. அதன் கீழே மட்டும் பனி உருகிப் புல் தெரிந்தது.

"தம்பி, இஞ்ச வந்து முகத்தைக் காட்டும்" என்று என்னைக் கூப்பிட்டார். காட்டினேன். "எப்பிடி இருக்கு?"

"சூடா, ஈரமா இருக்கு அண்ணை."

"அதுதான் சொல்லுறன். எங்கட ஊர்ப் பருத்தித்துறைக் காத்து. சும்மா வீணாப் போகுது."

அன்றைக்கே கன்றைக் குழாய்களுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார். துணி காயவைக்கும் பழைய கம்பிச் சட்டத்தை அதற்கு மேலே நிறுத்தி, தடித்த பொலித்தீனால் இரண்டு குழாய்களையும் கீழே இருந்த பேஸ்மென்ட் யன்னலையும் சேர்த்து மூடி, சுவரோடு ரேப் ஒட்டி, ஓரங்களைக் கம்பியால் முறுக்கினார். ஒரு இடத்தில்கூடக் காற்றுப் போகாது. அவர் கை பட்ட பொருட்களிலேயே எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது இந்தக் கூடாரம் ஒன்றுதான். அதுதான் வினையாகப் போயிற்று.

பொயிலரை அவர் தொடவில்லை. மஞ்சள் கோட்டை மீறவில்லை. ஆகவே தன்னுடைய சட்டத்தை மீறியதாக அவருக்குத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் தோன்றவில்லை. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. கன்று ஒரு வாரத்தில் துளிர்விட்டது. மலரக்கா கைப்பிடி கைப்பிடியாக இலை பறித்து வீடு வீடாகக் கொடுத்தா.

அதற்குப் பிறகுதான் அவவுக்குத் தலையிடி தொடங்கியது. காலையில் எழும்பும்போதே தலை பாரமாக இருக்கும், பிறகு குமட்டும். ஆனால் அதில் ஒரு விசேஷம் இருந்தது. அம்மன் கோயிலுக்குப் போய் ஒரு மணித்தியாலம் இருந்தால் தலையிடி போய்விடும். வீட்டுக்கு வந்தால் திரும்ப வந்துவிடும். மலரக்கா இதை அம்மனின் கருணை என்று எடுத்துக்கொண்டா. வெள்ளிக்கிழமை மட்டும் போனவ, ஒருநாள் விட்டு ஒருநாள் போகத் தொடங்கினா. "வாசல் மிதிச்ச உடன விட்டுது பிள்ளை" என்று என் மனைவியிடம் உருகிச் சொல்லுவா. அண்ணைக்கும் தலை இடித்தது. ஆனால் அவர் பஸ்ஸில் பிள்ளைகள் போடும் சத்தத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டார்.

கோயிலில் விட்டு வீட்டில் பிடிக்கிறது என்றால் வீட்டில் ஏதோ இருக்கிறது என்பது மலரக்காவுக்கு விளங்கியது. அந்த அளவுக்கு அவ சரியாகத்தான் யோசித்தா. இருப்பது என்ன என்பதில்தான் பிழை வந்தது. "தெரு முழுக்க என்ர கறிவேப்பிலையைப் பாத்து வயிறெரியுது. கண்ணூறு நாவூறுதான்" என்று முடிவுகட்டினா. என் மனைவி செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் போய்ச் சுற்றிக் கழித்து, குசினி அடுப்பில் போட்டாள்.

எங்கள் ஆட்களின் வீடுகளில் மிளகாய் எரிக்கும் முன் செய்யவேண்டிய சடங்கு ஒன்று உண்டு. இல்லாவிட்டால் முகட்டில் இருக்கும் அலாரம் கத்தி ஊரைக் கூட்டிவிடும். குறட்டு அண்ணை ஏணியில் ஏறி, குளிக்கும்போது தலைமயிர் நனையாமல் போடும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை அலாரத்துக்கு மாட்டினார். புகைக்கும் விஷவாயுவுக்கும் சேர்த்து அவர்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரே அலாரம்தான். "அரை மணித்தியாலத்தில கழட்டுறன்" என்றார். மிளகாய் கமறி எல்லோரும் இருமினோம். நாவூறு போய்விட்டது என்று தேத்தண்ணி குடித்தோம். தொப்பியை எவரும் கழற்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெரிய பனிப்புயல். பஸ் ஓடவில்லை, கார் எடுக்கமுடியவில்லை. மலரக்கா கோயிலுக்குப் போகவும் முடியவில்லை. மதியம்போல எங்கள் வீட்டில் இருந்த அதேமாதிரி அலாரம் கத்தத் தொடங்கியது. அடுப்பில் ஒன்றும் இல்லை. பொயிலர் வழமைபோல ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி அகப்பைக் காம்பால் சுவரில் தட்டினாள். அண்ணை வரவில்லை. திரும்பவும் தட்டினாள். சுவரில் தட்டி அவர் வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை. நான் கோட்டை எடுத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றார். சாரம், ஸ்வெற்றர், கையில் ஏணி. முகம் வெளிறிப்போயிருந்தது.

"அலாரம் பழசாப் போச்சு. உதுகள் சும்மா கத்தும்" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். பாதி ஏணியில் நின்று மூச்சு வாங்கினார். "என்ன வறுத்தனீங்கள் பிள்ளை?"

"ஒண்டும் வறுக்கேல்லை அண்ணை. இண்டைக்குப் பாணும் ஜாமும்தான்."

"ஒண்டும் வறுக்கேல்லையோ?"

"இல்லை."

அவர் கை அலாரத்துக்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சுவரைப் பார்த்தார். சுவருக்கு அங்கால் அவருடைய வீடு இருந்தது. அங்கே அலாரம் தொப்பி போட்டிருந்தது, மலரக்கா கோயிலுக்குப் போகமுடியாமல் படுத்திருந்தா. குறட்டு அண்ணை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றையும் திருத்தாமல் ஏணியிலிருந்து இறங்கினார்.

"தம்பி, எல்லாரும் வெளியில போங்கோ. ஒண்டும் எடுக்கவேண்டாம். ஃபயர்க்காரருக்குப் போன் அடியும்."

சொன்னவர் ஓடினார். நான் போனில் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். நான் அவர் வாசல் படலையைத் தாண்டுவதற்குள், மலரக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வெளியே வந்துவிட்டார். காலில் செருப்பில்லை. சாரம் ஒரு கையில், மனைவி மறு கையில். முழங்கால் அளவு பனியில் வந்து அவவை என் காரின் பின்சீட்டில் இருத்தி, "மலர், முழிச்சிரும். மலர், என்னோட கதையும்" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவ கண்ணைத் திறந்தா.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய்ச் சோதித்தார்கள். கார்பன் மொனொக்சைட் என்றார்கள். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரண்டு வீட்டிலும் இருந்தது; அவர் வீட்டில் அதிகம். கேஸை நிறுத்தி, கதவு யன்னல் எல்லாம் திறந்துவிட்டார்கள். ஒக்சிஜன் முகமூடிக்குள் இருந்து மலரக்கா ஏதோ முணுமுணுத்தா. குனிந்து காதைக் கொடுத்தேன். "தம்பி, அந்தத் தொப்பியை அவையள் கண்டுபோட்டினமோ?" என்று கேட்டா. வெட்கம் வருகிற அளவுக்கு உயிர் வந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாயிற்று.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் பார்த்து, ஆபத்தில்லை என்று சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வேறு மாதிரிச் சொல்லவேண்டி வந்திருக்கும் என்றும் சொன்னார்கள். நடைபாதைக் கதிரையில் இருந்த அண்ணை, இடுப்பு மடிப்பிலிருந்து குறட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

"நீர் வச்சிரும் தம்பி. எனக்கு இனி வேண்டாம்."

நான் அதைக் கையில் எடுத்தேன். குறடு இன்னும் சூடாக இருந்தது.

அடுத்த நாள் லைசென்ஸ் உள்ள பொயிலர் ரெக்னீஷியன் வந்தா. தமிழ்ப் பிள்ளை, இங்கேயே பிறந்தவ. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவ அண்ணையைக் கண்டதும் நின்றுவிட்டா. "ஓ மை கோட், பஸ் அங்கிள்" என்றா. சின்ன வயதில் அவருடைய பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போனவவாம்.

"நான் பொயிலரைத் தொடேல்லைப் பிள்ளை. சத்தியமாத் தொடேல்லை" என்றார் அண்ணை. மஞ்சள் கோட்டையும் சந்தனப் பொட்டையும் சாட்சிக்குக் காட்டினார். சொல்லிக்கொண்டே அவவுக்கு உதவி செய்ய மூடிப் பக்கம் நகர்ந்தார்.

"நோ அங்கிள், சிற் டவுன். சீற்றில இருந்தாத்தான் பஸ் எடுப்பன் எண்டு நீங்க சொல்லுவீங்க, ரிமெம்பர்? இப்ப நீங்க இருந்தாத்தான் நான் வேலை தொடங்குவன்."

பேஸ்மென்ட் படியில் அவர் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவ பொயிலரைப் பார்த்துவிட்டு, கொல்லைப்புறம் போய்க் கூடாரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நின்றா.

"அங்கிள், பொயிலர் இந்தப் பொக்ஸ் மட்டும் இல்லை. அந்த வெளிப் பைப் முடியிற வரைக்கும் பொயிலர்தான். நீங்க ரெண்டையும் மூடினதால அது விட்ட புகையையே திருப்பி இழுத்திருக்கு. நல்ல காத்து இல்லாட்டி கேஸ் சரியா எரியாது. அந்த பேட் எயார் கூடாரத்துக்குள்ள இருந்த யன்னல் இடுக்கால வீட்டுக்குள்ள வந்து, சுவருக்குள்ளால அங்கால வீட்டுக்கும் போயிருக்கு."

"நான் கேஸில கை வைக்கேல்லை எண்டுதான் நினைச்சன்."

"ஐ நோ அங்கிள்."

"கேஸ் பிழைச்சா ஒண்டும் சொல்லாது எண்டு ஊர் முழுக்கச் சொன்னது நான்தான்."

"சொல்லாது எண்டுதானே அலாரம் வச்சது. நீங்க அதுக்கும் தொப்பி போட்டுட்டீங்க."

குறட்டு அண்ணை எழும்பி வெளியே போனார். என்னிடம் கையை நீட்டினார். நான் குறட்டைக் கொடுத்தேன். கூடாரத்தின் கம்பியை ஒவ்வொரு முறுக்காக வெட்டி, பொலித்தீனைச் சுருட்டி, குழாய்களின் வாயைத் துடைத்தார். வேலை முடிந்ததும் குறட்டைத் திரும்ப என் கையில் தந்துவிட்டார். கறிவேப்பிலைக் கன்று மட்டும் எதுவும் நடக்காததுபோல் தளதளவென்று நின்றது.

பொயிலரைத் துடைத்து, எரிவதை அளந்து, சரி என்று அந்தப் பிள்ளை சொல்லும்வரை அண்ணையும் மலரக்காவும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். அண்ணை எங்கள் ஃபிரிட்ஜுக்கு முன்னால் இருந்துகொண்டே அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் அப்படித்தான். ஒருநாள் நான் அங்கே போயிருந்தபோது மலரக்கா குசினியிலிருந்து கூப்பிட்டா.

"இஞ்சாருங்கோ, பைப் ஒழுகுது. எங்க உங்கட குறடு?"

அண்ணை அசையவில்லை. "ஆளைக் கூப்பிடுவம்."

"கேஸுக்கு ஆளைக் கூப்பிடுங்கோ. அலாரத்தை ஒருக்காலும் மூடாதேங்கோ. தண்ணிப் பைப்புக்கு என்னத்துக்கு வேற ஆள்? நீங்கள் இருக்கிறியள்தானே."

நான் ஓடிப்போய்க் குறட்டைக் கொண்டுவந்தேன். அவர் அதை வாங்கிச் சாரத்தில் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். பிறகு பார்த்தேன், குளிர் தண்ணீர்ப் பக்கம் திறந்தால் சுடுதண்ணீர் வந்தது. மலரக்கா அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு பனி கொட்டி ஓய்ந்த ஒவ்வொரு காலையும், பஸ் எடுக்கப் போகும் முன், குறட்டு அண்ணை கூட்டுகிற தும்புத்தடியோடு எங்கள் வரிசையின் பின்பக்கமாக நடப்பார். வீட்டுக்கு வீடு குழாய்களின் வாயை மறைத்த பனியைத் தட்டிவிடுவார். மெல்லத் துடைப்பதோடு சரி, வேறெதிலும் கை வைக்கமாட்டார். பிறகு யன்னலில் தட்டி, "அலாரத்தின்ர பொத்தானை அமத்திப் பாத்தனீங்களோ?" என்று கேட்பார். அமத்திச் சத்தம் கேட்கும்வரை யன்னலை விட்டுப் போகமாட்டார்.

இப்போது நாங்கள் ரொறன்ரோவுக்கு வெளியே ஏஜாக்ஸுக்கு வீடு மாறி வந்துவிட்டோம். சுவரைத் தட்டினால் வர ஆளில்லை. ஆனால் பனி கொட்டிய காலையில் போன் வரும்.

"தம்பி, பைப்பைப் பாத்தனீரோ?"

நான் விடியவே பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய்ப் பனியைத் தள்ளிவிட்டு, அலாரத்தையும் அமத்திப் பார்த்துவிட்டுத்தான் இருப்பேன். இருந்தாலும், "இன்னும் இல்லை அண்ணை" என்பேன். பார்த்துவிட்டேன் என்று சொன்னால் அவர் உடனே போனை வைத்துவிடுவார். இல்லை என்றால், கொஞ்ச நேரம் போனிலேயே இருந்து என்னை ஏசுவார்.